தில்லிக் குளிருக்குக் கரி அடுப்பா, மின் ஹீட்டரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்.கே.புரம், கரோல்பாக், மயூர்விஹார், ஜனக்புரி போன்ற பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள், அதிலும் மாற்றலாகிப் புதிதாக வந்தவர்கள், குளிர்காலம் நெருங்கும்போது கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன. கரி, விறகு, வறட்டி ஆகிய மூன்றையும் சேர்த்துத் திட எரிபொருள் என்று குறிப்பிடுகிறோம். இவற்றை இட்டு எரிக்கும் இரும்பு அல்லது மண் கணப்பைத்தான் தில்லிவாசிகள் அங்கீட்டி என்கிறார்கள். நம் வீடுகளில் முன்பு புழங்கிய குமுட்டி அடுப்புக்கு அது நெருங்கிய உறவு.

தில்லியில் அறையைச் சூடேற்றித்தான் ஆக வேண்டுமா? ரஜாய் (பஞ்சு அடைத்த கனத்த போர்வை) போதாதா?

உடல்நலம் உள்ள நடுவயதினருக்குப் பெரும்பாலான நாட்களில் ரஜாயும் கம்பளிச் சட்டையும் போதும். ஜனவரியில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 1935 ஜனவரி 16 அன்று அங்கே மைனஸ் 0.6 டிகிரி பதிவானது. ஆனால் இரவுக் குளிரைவிட நம்மை வாட்டுவது, மூடுபனியால் நாள் முழுவதும் வெயில் படாமல் போகும் நாட்கள்தான். அந்நாட்களில் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் குளிர்ந்து, பிறகு மெல்ல மெல்ல அந்தக் குளிரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. முதியோர், கைக்குழந்தைகள், ஆஸ்துமாவோ இதயநோயோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அந்த அளவை ஒரே ஓர் அறையிலாவது எட்டுவதற்கு ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

கரி மலிவு, மின்சாரம் விலை அதிகம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பம் 3.6 மெகாஜூல். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகுக்கரி எரிந்தால் ஏறத்தாழ 29 மெகாஜூல் கிடைக்கும். அதாவது ஒரு கிலோ கரி சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உங்கள் கடையில் கரி கிலோ எத்தனை ரூபாய் என்று கேட்டு அதை எட்டால் வகுத்துவிடுங்கள். கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்கு ஆறேகால் ரூபாய் ஆகிறது. இது மின்கட்டணத்தின் நடுப்படிகளை ஒட்டிய தொகைதான்.

இதிலும் கரிக்குச் சாதகமான ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: எரிந்த வெப்பம் முழுவதும் அறையிலேயே தங்கும் என்று கொண்டிருக்கிறோம். கரி எரியும் அறையில் சன்னல் திறந்திருந்தே ஆக வேண்டும் என்பதால், வாங்கிய வெப்பத்தில் கணிசமான பங்கு உடனுக்குடன் வெளியே போய்விடுகிறது. விறகின் நிலை இன்னும் மோசம். கிலோவுக்கு நான்கு யூனிட்டை ஒட்டிய வெப்பமே அதில் உண்டு, ஈர விறகானால் அதுவும் குறையும். பூங்காவில் பொறுக்கிய சுள்ளிகளை எரிப்பவருக்கு வேண்டுமானால் திட எரிபொருள் மலிவு. காசு கொடுத்து வாங்குபவருக்கு இல்லை.

கரியில் புகையே வருவதில்லை. பிறகு என்ன ஆபத்து?

புகை வராததுதான் ஆபத்தே. விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறப்போம். கரி கனன்று சிவந்து, மேலே சாம்பல் பூத்து, இனி ஒன்றுமில்லை என்று தோன்றும் கட்டத்தில்தான் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வெளிவருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஒட்டிக்கொள்வதால், உறுப்புகளுக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் நின்றுவிடுகிறது. தூங்குபவர் விழித்துக்கொள்வதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி உள்ள படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். ஒரு கிலோ கரி எரிந்தால் நூறு கிராமுக்கும் மேல் கார்பன் மோனாக்சைடு வெளிவருவது சாதாரணம். அதில் பத்து கிராம் மட்டுமே அறையில் தங்கியதாகக் கொண்டாலும் ஒரு கன மீட்டருக்கு 290 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச அளவு 35 மில்லிகிராம்தான். தில்லியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கீட்டி வைத்து உறங்கிய குடும்பங்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்தி வருவதற்கு இதுவே காரணம்.

கதவைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. எவ்வளவு திறந்தால் போதும் என்பது காற்றின் திசை, கரியின் அளவு, எதிர்ப்பக்கம் வழி உண்டா என்பதையெல்லாம் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதைக் கண்ணால் அளக்க வழியில்லை. மேலும், இரவு இரண்டு மணிக்குக் குளிர் தாங்காமல் யாரோ ஒருவர் எழுந்து அந்தக் கதவைச் சாத்திவிடுவார். உறங்கும் அறையில் திட எரிபொருள் வேண்டாம் என்பதே எங்கள் திட்டவட்டமான பதில். மொட்டை மாடியிலும் திறந்த முற்றத்திலும் மாலையில் சற்று நேரம் கணப்பு மூட்டிக் கைகாய்வது உயிருக்கு ஆபத்தில்லாத விஷயம். அப்போதும் எழுந்து போகும்போது கனலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும், சட்டியோடு உள்ளே தூக்கி வரக்கூடாது.

விஷவாயு தாக்கியிருப்பதை எப்படி அறிவது?

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் துவளுதல் ஆகியவை முதல் அறிகுறிகள். இரவில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே அறையில் இருந்த இருவருக்கோ மூவருக்கோ ஒரே நேரத்தில் தலை வலித்தால் உணவைச் சந்தேகிக்கும் முன் காற்றைச் சந்தேகியுங்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 112ஐ அழைத்து, மருத்துவமனையில் அங்கீட்டி எரிந்த விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோவிட் காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து 98 என்றிருக்கிறது, பயமில்லை என்று இருந்துவிடக்கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அந்தக் கருவி எண்ணிக்கொள்ளும்.

காஷ்மீரிலும் சிம்லாவிலும் வீட்டுக்குள்தானே விறகு எரிக்கிறார்கள்?

அங்கே பயன்படுவது புகாரி என்னும் மூடிய இரும்பு அடுப்பு. அதன் புகைக்குழாய் கூரைக்கு மேலே போய் நிற்கும். எரிந்த வாயு முழுவதும் அதன் வழியே வெளியேற, அடுப்பின் உடல் மட்டும் அறையைச் சூடாக்கும். பல மாதக் கடுங்குளிருக்கு அது நியாயமான ஏற்பாடு. புதுதில்லியில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த லுட்யன்ஸ் பகுதியின் பழைய பங்களாக்களில் புகைபோக்கியுடன் கூடிய கணப்பிடங்கள் கட்டும்போதே அமைக்கப்பட்டன. அரசுக் குடியிருப்பிலோ டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) அடுக்குமாடியிலோ புகைபோக்கிக்கு வழியே கிடையாது, மேல்வீட்டுக்காரரின் சன்னலுக்குக் கீழே குழாயை நீட்டவும் முடியாது.

மின் ஹீட்டர்களில் எது சிக்கனம்: ராடா, புளோயரா, ஆயில் ஹீட்டரா?

கடைக்காரர் என்ன சொன்னாலும், 2000 வாட் இழுக்கும் எந்த ஹீட்டரும் 2000 வாட் வெப்பத்தைத்தான் தரும். அதற்குக் குறைவாகவும் தராது, கூடுதலாகவும் தராது. இரண்டாயிரம் ரூபாய் புளோயருக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆயில் ஹீட்டருக்கும் இதில் வேறுபாடு இல்லை. வெப்பம் நம்மை வந்து சேரும் விதத்தில்தான் வேறுபாடு.

குவார்ட்ஸ், ஹாலஜன் ராடுகள் எதிரே இருப்பவரின் உடலை நேராகச் சுடுகின்றன, அறைக் காற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. இரண்டு ராடு உள்ள குவார்ட்ஸ் ஹீட்டர் பெரும்பாலும் 800 வாட். மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்கோ, பூஜையறையில் அரைமணி உட்காருபவருக்கோ அது போதுமானது. புளோயர் ஐந்து பத்து நிமிடத்தில் சிறிய அறையின் காற்றைச் சூடாக்கிவிடும். நிறுத்திய கையோடு குளிர் திரும்பிவிடும், இரைச்சலும் உண்டு. ஆயில் ஹீட்டர் சூடேற இருபது நிமிடம் முதல் அரைமணி வரை ஆகும். அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட் அதை விட்டு விட்டு இயக்கும், நிறுத்திய பிறகும் சற்று நேரம் சூடு நிற்கும், கனலும் கம்பி வெளியே தெரியாது. இரவில் குழந்தையோ முதியவரோ உறங்கும் அறைக்கு நாங்கள் இதையே பரிந்துரைப்போம். ஒன்பது தகடு உள்ளதே நடுத்தர அறைக்குப் போதும். பதின்மூன்று தகடு வாங்கினால் ஒன்றும் கெட்டுவிடாது, தேவையும் இல்லை. எதை வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரையும், கவிழ்ந்தால் தானே அணையும் அமைப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாட் அண்ட் கோல்டு ஏசி உண்மையிலேயே செலவைக் குறைக்குமா?

குறைக்கும். ஹீட்டர் மின்சாரத்தை வெப்பமாக மாற்றுகிறது. இந்த ஏசி வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே இறைத்துக் கொட்டுகிறது. எட்டுப் பத்து டிகிரிக் குளிரிலும் வெளிக்காற்றில் இறைக்க வெப்பம் உண்டு. தில்லியின் குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைப்பதை எதிர்பார்க்கலாம். கோடைக்கு எப்படியும் ஏசி வாங்கப் போகிறவர்கள், கூடுதல் விலை கொடுத்தாவது இந்த வகையை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஏற்கெனவே ஓடும் நல்ல ஏசியைக் கழற்றிவிட்டு, ஆறு வாரக் குளிருக்காகப் புதிதாக வாங்குவது வீண் செலவு. ஒரு விஷயத்தைக் கவனிக்கவும்: மேலே ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரை குளிரூட்டும் திறனைத்தான் சொல்கிறது, சூடேற்றும் திறனுக்கு விவரப் புத்தகத்தில் தனியே எண் இருக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள்.

மின்கட்டணம் எவ்வளவு ஏறும்? மானியம் போய்விடுமா?

தில்லியில் கேள்வியே இந்த இடத்தில்தான். 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மானியத்தின்படி மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 வரை பாதிக் கட்டணம் தள்ளுபடி, அதுவும் 800 ரூபாய்க்கு மேற்படாமல். 401ஆவது யூனிட்டில் மானியம் முழுவதும் நின்றுவிடும், அந்த மாதத்தின் எல்லா யூனிட்டுக்கும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

குளிர்காலத்தில் கீசரும் சேர்த்து மாதம் 200 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2000 வாட் ஹீட்டர் தினம் நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு 8 யூனிட், மாதத்துக்கு 240 யூனிட். மொத்தம் 440 ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. 2019-20 கட்டண ஆணையின் படிகளான முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200க்கு 4.50 ரூபாய், அதற்கு மேல் 6.50 ரூபாய் என்று கூட்டினால் 1760 ரூபாய். நிலைக் கட்டணமும் கூடுதல் வரிகளும் தனி. அதே வெப்பத்தை ஹாட் அண்ட் கோல்டு ஏசி மூலம் பெற்றால் மாதம் 80 யூனிட்தான் கூடும். மொத்தம் 280 யூனிட், கட்டணம் 960 ரூபாய், அதிலும் பாதி மானியம். அந்த ஏசி இல்லாதவர்கள் ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை 18 அல்லது 19 டிகிரியை ஒட்டி வைத்து, கதவின் அடிச்சந்தை அடைத்து, கனத்த திரைச்சீலை போட்டு, ஓட்டத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தாலே 180 யூனிட்டோடு எல்லைக்குள் நின்றுவிடலாம். சன்னல் ஏசியைச் சுற்றியுள்ள இடுக்கை எவரும் கவனிப்பதில்லை; விரலை வைத்துப் பாருங்கள், குளிர்காற்று வீசுவது தெரியும். மாத நடுவில் ஒருமுறை மீட்டரைப் படித்துக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். உங்கள் பில்லில் மானியம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2022 அக்டோபர் முதல் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே அது வழங்கப்படுகிறது.

பழைய குவார்ட்டர்ஸின் வயரிங் இதைத் தாங்குமா?

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். சிறிய துளைகளுள்ள சாதாரண சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் செருகுவதற்கென்று ஒரு கன்வர்ட்டர் எல்லா எலெக்ட்ரிக் கடையிலும் விற்கிறது. குளிர்காலத் தீ விபத்துக்கு வழிவகுக்கும் பொருள்களில் அது ஒன்று, தயவுசெய்து வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் போர்டும் வேண்டாம். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், தனி எம்சிபியும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். முதல் நாள் அரைமணி நேரம் ஓடியபின் ஹீட்டரை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ சாக்கெட்டின் உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது, எலெக்ட்ரீஷியனை அழைக்காமல் மறுபடி போடக்கூடாது.

கீசரும் ஹீட்டரும் கெட்டிலும் ஒரே நேரத்தில் ஓடினால் ஐந்து கிலோவாட்டைத் தாண்டும். அனுமதிக்கப்பட்ட மின்சுமை மூன்று கிலோவாட் என்றால், மீட்டரில் பதிவாகும் உச்சத் தேவையைக் காட்டி மின்விநியோக நிறுவனம் பின்னர் உங்கள் சுமையை உயர்த்திவிடலாம். நிலைக் கட்டணமும் அதோடு உயரும். குளித்து முடித்துக் கீசரை அணைத்த பிறகு ஹீட்டரைப் போடும் வழக்கம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஹீட்டர் அறையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்கிறார்களே?

மின் ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, ஆகவே ஆக்சிஜன் செலவாவதும் இல்லை. காற்று சூடேறும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் குறைவதால் மூக்கும் தொண்டையும் உலர்கின்றன. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் சற்று இதமாக இருக்கும். மூடிய அறையில் நால்வர் உறங்கினால் ஹீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்று புழுங்கும் என்பதால், சிறு வழி ஒன்று திறந்திருப்பது நல்லது.

இரவு முழுவதும் ஹீட்டர் ஓட வேண்டாம் என்று நினைக்கிறோம். வேறு வழி உண்டா?

படுக்கையின்மேல் விரிக்கும் மின் போர்வை இருக்கிறது. இருவர் படுக்கும் அளவில் உள்ளது 150 வாட்டுக்குள் அடங்கும். எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரேகால் யூனிட்டைத் தாண்டாது. அறையைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்கும் இந்த வழியைத் தமிழ்க் குடும்பங்கள் ஏனோ அதிகம் நாடுவதில்லை. தூங்கப் போகும் அரைமணிக்கு முன்னால் போட்டுவிட்டு, படுத்தபின் அணைத்தாலும் போதும். கைக்குழந்தைக்கும், சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவருக்கும், படுக்கையை நனைப்பவருக்கும் இது கூடாது. மடித்து வைத்தால் உள்ளிருக்கும் கம்பி முறியலாம், சுருட்டி வையுங்கள்.

குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடக் கரி நெருப்பு வேண்டுமே?

ஊரில் காற்றோட்டமான வீட்டில் பாட்டி செய்ததை, சன்னல் சாத்திய தில்லி அறையில் அப்படியே செய்ய முடியாது. சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு நல்லதல்ல என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தலையைத் துவட்டி, ஹீட்டர் ஓடும் அறையில் ஐந்தடி தள்ளி மடியில் வைத்துக்கொண்டாலே முடி காய்ந்துவிடும். பண்டிகை நாளில் வாசனைக்காகப் போட விரும்பினால், குழந்தையை வேறு அறையில் விட்டுச் சன்னலைத் திறந்து வைத்துப் போட்டு, கரியை உடனே பால்கனிக்குக் கொண்டுபோய் அணைத்துவிடலாம்.

மின்சாரம் போய்விட்டால்?

வீட்டு இன்வெர்ட்டரில் ஹீட்டரை ஓட்ட முடியாது. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே சுமார் 1.8 யூனிட்தான், ஹீட்டரின் சுமையை இன்வெர்ட்டரும் தாங்காது. வெந்நீர்ப் பை, இரண்டாவது ரஜாய், எல்லோரும் ஒரே அறையில் படுப்பது ஆகியவை போதும். இந்த நேரத்தில்தான் பலருக்கு மாடியில் கிடக்கும் அங்கீட்டி நினைவுக்கு வருகிறது. அதை உள்ளே கொண்டுவர வேண்டாம்.

கேஸ் ஹீட்டர்?

புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டருக்கும் மேலே சொன்ன விஷவாயு எச்சரிக்கை பொருந்தும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் அப்படியே.

மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது? காற்று மாசு எப்படிக் குறையும்?

நியாயமான கேள்வி. தில்லிக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியில் பிறப்பதுதான். அனல்மின் நிலையத்தில் எரியும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே மின்சாரமாக நம் வீட்டை அடைவதால், சாதாரண ஹீட்டர் மொத்தக் கணக்கில் கரியை மிச்சப்படுத்துகிறது என்று சொல்ல முடியாது. ஏசி வகைதான் அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. ஆனால் அந்த நிலையத்தில் சாம்பல் துகளைப் பிடிக்கும் கருவியும் உயர்ந்த புகைபோக்கியும் உண்டு. தில்லிக்குள்ளேயே இருந்த பதர்பூர் நிலையமும் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கீட்டியோ மூக்குக்கு நேரே, குளிர்காலத்தில் காற்று அசையாமல் தரையோடு தேங்கி நிற்கும் வேளையில் பிஎம் 2.5 என்னும் நுண்துகளைக் கக்குகிறது.

எங்கள் குடியிருப்பின் காவலாளி இரவில் டயரும் சுள்ளியும் எரிக்கிறார். தடுப்பது யார் பொறுப்பு?

குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. குப்பையையும் இலைதழையையும் திறந்தவெளியில் எரித்தால் 5000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. காற்றுத்தர மேலாண்மை ஆணையத்தின் படிநிலை நடவடிக்கைத் திட்டமும், காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களே மின் ஹீட்டர் தர வேண்டும் என்று சொல்கிறது. அவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை தகரக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர் எதையாவது எரிக்கத்தான் செய்வார். அந்தக் கூண்டுக்கு 800 வாட் குவார்ட்ஸ் ஹீட்டர் போதும். எட்டு மணி நேரத்துக்கு ஆறரை யூனிட்டுக்குள் முடியும் செலவைப் பொதுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். கூண்டுக்குப் போகும் வயர் பெரும்பாலும் ஒரு பல்புக்காக இழுத்த மெல்லிய வயராக இருக்கும். ஹீட்டரை வாங்குவதற்கு முன் அதை மாற்றி, எர்த் இணைப்புடன் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.